பத்து ஐம்பத்திரண்டு மணிச் செய்தி

உங்கள் படிவத்தில் பதினெட்டாவது கேள்விக்கு நான்கு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறீர்கள், மேடம். 'வேறு ஏதேனும் கூற விரும்பினால்' என்பதுதான் கேள்வி. எங்கள் இதழியல் வகுப்பில் எல்லோரும் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு நான்கு கோடு போதவில்லை. தனித்தாளில் எழுதிப் படிவத்தோடு சேர்த்துத் தைத்து வைக்கிறேன்.

முதல் பக்கத்தின் மேலே, 'நீங்கள் தரும் தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும், ஆய்வுக்கு மட்டுமே பயன்படும்' என்று அச்சிட்டு, கீழே 'பொன்னுத்தங்கம், ஆய்வு மாணவி' என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் எழுதலாம் என்று தோன்றியது. இதைப் போலீசிலும் சொல்லலாம். வருகிற பதினாறாம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், ஒச்சப்பன் என்கிற பட்டாசுக் கம்பெனி போர்மேனின் ஜாமீன் மனு மூன்றாவது முறையாக விசாரணைக்கு வருகிறது. அதற்குள் நான் வாய் திறந்தால் அவர் வீட்டுக்குப் போவார். திறக்காவிட்டால் இந்தத் தீபாவளி அவருக்கு மதுரைச் சிறையில்தான். யாரிடம் சொல்வது என்று ஒரு மாதமாக யோசித்துவிட்டேன். ரகசியமாக வைப்பதாக எழுதிக் கொடுத்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

நான்காவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். செய்திக்காகச் சமூக வலைத்தளங்களில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். 'மூன்று மணி நேரத்துக்கு மேல்' என்பதுதான் கடைசிக் கட்டம், அதில் குறியிட்டிருக்கிறேன். உண்மையில் அதற்குக் கணக்கு கிடையாது. திருத்தங்கல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் ஆறாம் நம்பர் கம்ப்யூட்டரை எனக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதில் எஃப் ஐந்து பொத்தானின் எழுத்து அழிந்து போனதற்கு நான்தான் காரணம். பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பேன். இந்த நிமிடத்தில் யாராவது ஏதாவது எழுதியிருப்பார்களோ என்று கை சும்மா இருக்காது. வீட்டில் சாப்பிடும்போதும் இடது கைப் பெருவிரல் செல்போனில் இருக்கும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுந்து நின்றுவிடுவேன். செய்திக்காரனுக்கு இந்தப் பதற்றம் இருக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியரே சொல்லியிருக்கிறார். அவருக்கு அது இருந்து நான் பார்த்ததில்லை.

ஆர்குட்டில் 'பட்டாசு ஊர்' என்ற குழுமத்தைத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஆயிரத்து எண்ணூறு உறுப்பினர்கள். பாதிப்பேர் மஸ்கட், ஷார்ஜா, திருப்பூர் என்று வெளியூரில் வேலை பார்க்கிற எங்கள் பக்கத்து ஆட்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் இங்கே பட்டாசுக் கம்பெனிக்குப் போவார்கள். எங்காவது வெடித்தது என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போன் போடுவார்கள், ஒருவருக்கும் லைன் கிடைக்காது. டிவியில் வர அரை நாள் ஆகும், பேப்பரில் வர மறுநாள் ஆகும். அந்த இடைவெளியில் நான் இருந்தேன். எந்தக் கம்பெனி, எந்த ஷெட், யார் யார் என்று போடுவேன். விருதுநகர் நிருபர்கள் சிலரே என் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பைக்கை எடுப்பார்கள். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குப் போட்டியாகப் பாண்டிமுருகன் என்று ஒருவன் இருந்தான். திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் காலண்டருக்கு டிசைன் போடுகிறவன். இதழியல் படித்தவன் இல்லை. அவனும் ஒரு குழுமம் வைத்திருந்தான். போன ஏப்ரலில் ஒரு வெடிவிபத்தை என்னைவிட ஒன்பது நிமிடம் முன்னால் போட்டுவிட்டான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதில் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் பெயரை நான்தான் தட்டச்சு செய்தேன், இப்போது ஞாபகம் இல்லை. ஒன்பது நிமிடம் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் உள்ளே ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது.

முத்துச்செல்வி என் அத்தை மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் எனக்கு மதினி. அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து ரூமில் வேலை. மருந்து என்றால் நீங்கள் நினைக்கிற மருந்து இல்லை, வெடிக்குள் போகிற ரசாயனக் கலவை. அதைச் சலித்துக் கலக்கிற அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நைலான் சேலை, கொண்டை ஊசி, செருப்பு எதுவும் கூடாது. லேசான உராய்வு போதும், அறை இருக்காது. செல்போனைக் கேட்டிலேயே வாட்ச்மேனிடம் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அதோடு விட மாட்டார் போர்மேன் ஒச்சப்பன். மருந்து ரூம் வாசலில் நின்று மறுபடியும் சோதிப்பார். ஆண்களைத் தடவிப் பார்ப்பார். பெண்களைத் தொட மாட்டார். "யாத்தா, போன் எதுவும் இருக்கா?" என்று வாயால் கேட்பார். இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவார். அந்த மரியாதையில் ஒரு போன் நுழைகிற அளவுக்கு இடம் இருக்கிறது என்பதை முத்துச்செல்வி ஏதோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சின்னதாக ஒரு போன் வாங்கி, என் பெயரில் சிம் போட்டு, மணி அடிக்காமல் துடிக்க மட்டும் செய்யும்படி வைத்து அவளிடம் கொடுத்தேன். அவள் கையில் வாங்கவில்லை.

"வேண்டாம்ல செழியா. ஒச்சப்பன் அண்ணாச்சி நல்ல மனுசன். அவருகிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வராதுலே" என்றாள்.

"மடியில அது பாட்டுக்குக் கெடக்கட்டும் மதினி. ஏதாச்சும்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க, போதும். மஸ்கட்ல இருக்கவுக அம்புட்டுப் பேரும் பதறிக்கிட்டுக் கெடக்காக. அவுகளுக்காகத்தான் கேக்கேன்."

"துடிச்சாக் கூசுமேலே" என்று சிரித்தாள். சிரித்துவிட்டாள் என்றால் வாங்கிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒன்பது வாரம் அந்தப் போன் அவள் இடுப்புச் சேலை மடியில் உள்ளே போய் வந்தது. தினமும் காலையில் ஒச்சப்பன் கேட்டார், தினமும் அவள் இல்லை என்றாள். அதிகாரிகள் சோதனைக்கு வந்ததை அவள் சொல்லித்தான் முதலில் போட்டேன். கழிவுக் குழியில் தீப்பிடித்ததையும் அப்படித்தான். இரண்டு முறையும் பாண்டிமுருகன் எனக்குப் பின்னால்தான் வந்தான். உங்கள் ஏழாவது கேள்வியில், 'செய்தியின் முதல்நிலை ஆதாரத்தை நேரடியாக அணுகுவது உண்டா?' என்பதற்கு 'எப்போதும்' என்று குறித்திருக்கிறேன். வகுப்பில் வேறு யாரும் அதைக் குறித்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை. சீசன் உச்சத்தில் இருந்த நேரம். காலை பத்தே முக்கால் இருக்கும். சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஓர் உறுப்பினர், 'அச்சங்குளம் பக்கம் பெரிய புகை' என்று எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பினார். வேறு ஊரில் புகையைப் பார்த்தால் என்ன எரிகிறது என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். நானும் அந்த ஊர்க்காரன்தான். 'அச்சங்குளம் அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. விவரம் விரைவில்' என்று போட்டேன். பதிவின் ஓரத்தில் நேரம் விழுந்திருந்தது: 10.52.

ஒரு நிமிடத்துக்குள் மஸ்கட்டிலிருந்து தனுஷ்கோடி என்பவர் எழுதினார். 'தம்பி, எந்தக் கம்பெனி? என் வீட்டுக்காரி வீரலட்சுமி அங்கதான் மருந்து ரூம்ல இருக்கா. தயவு செஞ்சு சொல்லுங்க.' திரும்பத் திரும்ப அதையே எழுதிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்து எழுதியதில் கம்பெனி பெயரையும் சொன்னார். முத்துச்செல்வி வேலை பார்க்கிற அதே கம்பெனி.

சரிபார்க்காமல் எதையும் நம்பாதே என்பது எங்கள் பாடப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம். நான் சரிபார்த்தேன். முத்துச்செல்விக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றுகொண்டு, ஒரு கையால் பக்கத்தைப் புதுப்பித்தபடி மறு கையால் போட்டேன். ஆறு முறை எடுக்கவில்லை. எடுக்காததே ஒரு தகவல் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அதற்குள் பாண்டிமுருகன் என் பதிவுக்குக் கீழே வந்து எழுதினான். 'அது கரி மூட்டம். கருவேல மரத்தை எரித்துக் கரி போடுகிறார்கள். அங்கே உள்ள ஆளிடம் கேட்டாகிவிட்டது. இதழியல் படிக்கிறவருக்குப் புகையில் வித்தியாசம் தெரியவில்லையே.' அதற்குக் கீழே பதினோரு பேர் சிரித்திருந்தார்கள். ஒருவர், 'இனிமேல் பாண்டி அண்ணன் குழுமத்துக்கே போயிடலாம்' என்றார். நான் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டாக இருந்தது ஆயிரத்து எண்ணூற்று நான்கு ஆகியிருந்தது.

பதினொன்று இரண்டுக்கு அவள் எடுத்தாள். குசுகுசுவென்று பேசினாள்.

"ஏலே, மருந்து ரூம்ல இருக்கேம்ல. எதுக்கு இப்பிடி அடிக்க?"

"வெடிச்சிருச்சா மதினி?"

"இங்கன ஒண்ணுமில்ல. காட்டுக்குள்ள கரி மூட்டம் போடுறாக, அந்தப் பொகதான் இது. வீரலட்சுமி அக்கா என்னையவே பாக்குது, வைலே. இனி அடிக்காத. சல்லடையில கை இருக்கு."

வைத்துவிட்டாள்.

ஆக, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. தனுஷ்கோடியின் மனைவி வீரலட்சுமி நன்றாக இருக்கிறாள். ஒரே வரி எழுதினால் மஸ்கட்டில் ஒரு மனிதன் மூச்சு விடுவான். ஆர்குட்டில் போட்டதைத் திருத்த முடியாது, நீக்கத்தான் முடியும். நீக்குகிற பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். அங்கேயே வைத்திருந்தேன். பாண்டிமுருகனின் சிரிப்பு அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது. என்னால் அழுத்த முடியவில்லை. வெட்கமாக இருந்தது மேடம். அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன்னால் பட்டதில்லை.

வெடித்தது பதினொன்று ஆறுக்கு. நேரத்தைப் பிறகு போலீஸ் அறிக்கையில்தான் பார்த்தேன். மருந்து ரூம் தரையோடு போய்விட்டது. முத்துச்செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் அங்கேயே இறந்தார்கள். வீரலட்சுமி சலித்த மருந்தைத் தட்டில் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வாசலைத் தாண்டியிருந்தாள். முதுகும் கையும் வெந்து பிழைத்தாள். ஒச்சப்பன் வாசல் பக்கம் நின்றிருந்தார். அவருக்கு ஒரு காது போனது.

பதினொன்றரைக்கெல்லாம் எல்லாச் சேனலும் அச்சங்குளத்துக்குக் கிளம்பிவிட்டது. என் பதிவில் இருந்த ஊர் சரி, ஆலை சரி. பாண்டிமுருகன் தன் கரி மூட்டத்தை நீக்கிவிட்டு, 'மன்னித்துக்கொள்ளுங்கள் செழியன், உயிர் விஷயத்தில் கேலி பேசிவிட்டேன்' என்று எழுதினான். அன்று அந்தப் பக்கத்தில் உண்மையை எழுதிய ஒரே ஆள் அவன்தான். அவன்தான் மன்னிப்புக் கேட்டான். சாயங்காலத்துக்குள் உறுப்பினர் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியது. ஒரு நாளிதழிலிருந்து கூப்பிட்டுப் பகுதி நேர நிருபர் அட்டை கொடுத்தார்கள். எல்லோருக்கும் முன்னால் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். உள்ளே ஆள் இருந்தது என்றேன். இதழியலில் ஆதாரத்தின் பெயரைச் சொல்லக் கூடாது.

என் பதிவின் நேரம் 10.52 என்று எல்லோர் கண்ணிலும் பட்டது. வெடித்த நேரம் 11.06 என்று எல்லோரும் படித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேகமாகப் படிக்கிறவர்கள் அப்படித்தான். உங்கள் ஆய்வுக்கு இது உதவலாம்.

தனுஷ்கோடி மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கியதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க போட்டதைப் பாத்த கையோட டிக்கெட் போட்டேன். நல்லா இருக்கணும் நீங்க" என்றார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் அவர் மனம் புண்படும்.

உள்ளே வீரலட்சுமி குப்புறப் படுத்திருந்தாள். என்னை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, புருசனை டீ வாங்க அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க முத்துச்செல்விக்கு ஒறவு மொறைதானே? ஒங்ககிட்டதான் சொல்ல முடியும். அவ மடியில போனு வச்சிருந்தா. எடுத்துப் பேசினா, பேசி முடிச்சு மடியில வச்சா. பெறகும் துடிச்சுச்சு. நான் தட்டத் தூக்கிட்டு வெளிய வாரேன், அவ மருந்துக் கையோட மடியில கைய விடுதா. எடுக்கயில வழுக்கிச் சல்லடைக்குள்ள விழுந்துச்சு. அம்புட்டுத்தான் பாத்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "போலீசுல இத நான் சொல்லல. செத்தவ பேரு கெட்டுருமேன்னு இருக்கு. ஆனா ஒச்சப்பன் அண்ணன உள்ள வச்சிட்டாகளாமே. வெயில் ஏறின பெறகு சலிக்கக் கூடாத மருந்தச் சலிக்க விட்டாருன்னு கேசாம். அவரு பத்து வாட்டி கேக்குற மனுசன். நீங்க படிச்சவுக. நான் சொல்லவா, வேண்டாமா?"

ஒரு மனிதரின் விடுதலையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல் படுத்திருந்தாள். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"வேண்டாம்க்கா. பெத்தவுக காதுல விழுந்தா அவுக தாங்க மாட்டாக. ஒச்சப்பன் அண்ணாச்சிக்கு வக்கீல் இருக்காரு, பாத்துக்கிடுவாக."

சரி என்றாள். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு முத்துச்செல்வியின் பெயர் முக்கியம். அத்தை இப்போதும் அவளைத் தங்கமான பிள்ளை என்றுதான் சொல்லி அழுகிறாள். அந்த அழுகையில் ஒரு குறையும் விழாமல் நான் காப்பாற்றியிருக்கிறேன். இதற்கு நடுவில், போர்மேனின் அலட்சியம் என்று நாளிதழில் என் பெயர் போட்டு வந்த செய்திகூடப் போலீஸ் சொன்னதைத்தான் சொன்னது. அதில் ஒரு சொல் நானாகச் சேர்க்கவில்லை.

ஒச்சப்பனின் மனைவி பேச்சியம்மாள் போன வாரம் என் வீடு தேடி வந்தாள். பேப்பரில் என் பெயரைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். "ஒங்க கையால ஒரு வரி எழுதினாப் போதும்யா, நிசத்த எழுதுங்க" என்றாள். விசாரித்து எழுதுகிறேன் என்றேன். அவள் போன பிறகு இருப்புக் கொள்ளவில்லை. திருத்தங்கலிலிருந்து சிவகாசி வரை பஸ்ஸில் போனேன், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

மேலே ஓர் இடத்தில் சரியாக எழுதவில்லை. முத்துச்செல்விக்கு நான் ஏழு முறை போன் போட்டதாக நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள். எடுக்காமல் போனது ஆறு, எடுத்துப் பேசியது ஒன்று. எட்டாவது ஒன்று உண்டு. பதினொன்று ஆறுக்கு.

அவள் மருந்து ரூமில் இருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியும். சல்லடையில் கை இருக்கிறது என்று தெரியும். இனி அடிக்காதே என்று சொன்னதும் காதில் இருந்தது. நான் பட்டாசு ஊரில் பிறந்தவன். மருந்துக் கை எதைத் தொடக் கூடாது என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். வெடித்ததா என்று கேட்டாகிவிட்டது. வீரலட்சுமி இருக்கிறாளா என்பதும் தெரிந்தாகிவிட்டது. அம்புக்குறி நீக்குகிற பொத்தானின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து கையை எடுத்து அவள் நம்பரை அழுத்தினேன். கேட்பதற்கு என்னிடம் கேள்வி எதுவும் இல்லை. மூன்றாவது ரிங்கில் நின்றது. நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. நான் உட்கார்ந்தேன். அன்று காலையிலிருந்து அப்போதுதான் என்னால் உட்கார முடிந்தது.

இவ்வளவுதான் மேடம். படிவத்தை நீங்கள் வாக்களித்தபடி ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள், பதினாறாம் தேதி வரைக்குமாவது. ஒன்பதாவது கேள்வியில், 'பொய்யான செய்தியைப் பகிர்ந்தது உண்டா?' என்பதற்கு 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறேன். இதையெல்லாம் படித்துவிட்டு அதை மாற்ற வேண்டாம். நான் போட்ட செய்தி பதினான்கு நிமிடத்தில் உண்மையாகிவிட்டது.